துரைச் சேற்றில் வாத்துக் காவல்

எங்கள் தோட்டத்துச் சேற்றை இரண்டு துரைமார் காப்பாற்றினார்கள். முதலாமவர் வெள்ளைக்காரர், வாத்துகளைச் சுடுவதற்காகக் காப்பாற்றினார். இரண்டாமவர் ஜப்பான்காரர், வாத்துகளைப் பார்ப்பதற்காகக் காப்பாற்றினார். நடுவில் கிடந்த நாங்கள் அதில் நாலு நாற்று நட்டுச் சோறு சாப்பிட ஆசைப்பட்டோம். எங்களை யாரும் கேட்கவில்லை.

மலாயாவில் கோலா சாவாவுக்குப் போகிற பாதையில், ரப்பர் மரங்கள் இரண்டு மேட்டிலிருந்தும் இறங்கி வந்து நின்றுவிடுகிற இடத்தில் அந்தச் சேறு இருந்தது. கோரையும் அல்லியும் மண்டிக்கிடக்கும். இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் கேட்காது. தோட்டத்தில் எல்லோரும் அதைத் துரைச் சேறு என்றுதான் சொல்வார்கள். அங்கே மீன் பிடிக்கக் கூடாது, கோரை அறுக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, கரையோரம் ஒதுங்கக்கூடக் கூடாது. தீபாவளியை ஒட்டி வானத்திலிருந்து காட்டு வாத்துகள் வந்து இறங்கும். சின்ன உடம்பு, சேவலுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளையாய்ப் புருவம் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் துரையும் சிரம்பானிலிருந்து வரும் அவருடைய சிநேகிதர்களும் சுடுவார்கள்.

என் வீட்டுக்காரர் அந்தத் துரைக்குச் சம்பான் படகு தள்ளுகிறவர். வாத்தைக் கலைத்துவிடுவதும் சுட்டு விழுந்ததைப் பொறுக்குவதும் அவர் வேலை. கொழுத்த வாத்து பங்களாவுக்கு. குண்டு பட்டுக் கந்தலானது சம்பான்காரனுக்கு. அதுதான் வழக்கம். நான் கல்யாணமாகி அந்த லயத்துக்கு, கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக்கு, வந்து முதலில் ஆக்கிய கறி அப்படி வந்த வாத்துதான். முதல் வாயிலேயே ஈயக் குண்டு பல்லில் கடிபட்டது. புருஷன் வீட்டுச் சோறு இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்தால் சேற்றில் ஒரு வாத்தும் இருக்காது. துரை சுட்டே தீர்த்துவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த தீபாவளிக்கு வேறு வாத்துகள் வருமாம். துரை எங்கிருந்தோ தருவிக்கிறார் என்று சொன்னவர்களும் உண்டு. எங்களையே அப்படித்தானே தருவித்தார்கள்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரில் ஏறிப் போய்விட்டார். நாயைக்கூடக் கட்டிப்போட்ட இடத்திலேயே விட்டுவிட்டார். அவரைச் சிங்கப்பூரில் முகாமில் அடைத்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். ரப்பர் வாங்க ஆளில்லை. பால் மரங்கள் சும்மா நின்றன. அரிசி கண்ணில் படவில்லை. எங்கே பார்த்தாலும் மரவள்ளி நட்டார்கள். பந்து விளையாடுகிற திடலில் மரவள்ளி, பங்களாவின் ரோஜாத் தோட்டத்தில் மரவள்ளி, கோயில் மதிலோரத்திலும் மரவள்ளி. மூன்று வேளையும் அதைத் தின்று எங்களுக்குக் கால் வீங்கியது. எல்லோருடைய கண்ணும் துரைச் சேற்றின் மேல் விழுந்தது. துரைதான் இல்லையே, வரப்புக் கட்டி நெல் நடலாம் என்று ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் வரப்பும் போட்டாயிற்று.

அந்த ஐப்பசியில்தான் அவர் வந்தார். எந்தத் தோட்டத்தில் என்ன பயிர் வைப்பது என்று சொல்கிற ஜப்பான் அதிகாரி. நாற்பதைத் தாண்டியவர், குள்ளம். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியிருந்தது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் எங்களை நிறுத்திவைத்து, சேற்றைப் பார்க்கப் போனார். நெல் நடச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் வயிற்றில் சோற்று வாசனையோடு நின்றோம்.

அன்றைக்குத்தான் அந்த வருஷத்து வாத்துகள் வந்து இறங்கியிருந்தன. அவர் பூட்ஸோடு முழங்கால் தண்ணீரில் நின்றார். நின்றார் என்றால் வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றார். திரும்பி வந்து, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற எங்கள் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி நாலே மாதத்தில் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டவர். வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் தலையாட்டியது போலவே இவர்களிடமும் தலையாட்டுவார்.

"இந்த வாத்தெல்லாம் அவங்க நாட்டுப் பக்கத்துலேருந்து வருதாம். பனி கொட்டுற ஊராம். அவரு வீட்டுக்கு மேலதான் பறந்து போகுமாம். இதுங்களுக்கு ஒரு கொறையும் வரக் கூடாதுன்றாரு."

நெல்லைப் பற்றி ஒருவர் கேட்டார். இந்த நிலம் பயிருக்கு லாயக்கில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டுவிட்டாராம். அந்த வட்டாரத்திலேயே அதைவிடக் கொழுத்த மண் கிடையாது. போட்ட வரப்பை நாங்களே வெட்டிவிட்டோம். எங்களுக்குச் சோறு இல்லை, ஆனால் எங்கள் சேற்றில் ஜப்பான் பிரஜைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டோம்.

அவருக்கு வாத்துத் துரை என்று பெயர் வைத்தோம். வாத்துத் துரை ஆறு பேரைக் காவலுக்குப் பொறுக்கினார். பழைய துரையின் சம்பான்காரர் என்பதால் என் வீட்டுக்காரருக்கு முதல் இடம். பழைய துரைக்குத் தெரியாமல் அதே சேற்றில் வலை வீசிப் பிடிபட்ட அடுத்த வீட்டு அண்ணனுக்கு இரண்டாவது இடம். மற்ற நால்வரும் ரப்பர் பால் வெட்டுக்காரர்கள். ஆளுக்கு ஒரு காகிதம், சிவப்பு முத்திரையோடு. காலையில் வாத்தை எண்ணிக் கிராணியிடம் சொல்ல வேண்டும், பெரட்டில் எங்களை எண்ணுவது போல. வாத்தைக் கொன்றால் என்ன ஆகும் என்பதை அவர் கழுத்தில் கைவைத்துக் காட்டினார். அதற்குக் கிராணி தேவைப்படவில்லை.

அந்த மூன்று மாதம் நான் பட்ட பாடு வாத்துக்குத் தெரியாது. மரவள்ளியை வேகவைத்து உப்பில்லாமல் தின்றுகொண்டு, கண்ணெதிரே கொழுகொழுவென்று நீந்துகிற கறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதற்குக் காவல். "ஒண்ணே ஒண்ணு. எண்ணுறது நீங்கதானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். நேர்மை என்று சொல்ல மாட்டேன். கழுத்தின் மேல் ஆசை.

தைப் பொங்கல் கழிந்ததும் சயாமுக்கு ஆள் ஏற்றுகிற லாரி வர ஆரம்பித்தது. ரயில் பாதை போடுகிறார்கள், நல்ல சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அதற்கப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். லாபுவில் நான் பிறந்த தோட்டத்தில் இரண்டு லயம் முழுக்க ஆண்பிள்ளை இல்லாமல் போனது. என் அம்மா அதற்கு முந்தின வருஷமே செத்துப்போயிருந்தாள். எனக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். மாசியில் லாரி எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. பெரட்டில் நிறுத்தி ஆள் பொறுக்கினார்கள். என் வீட்டுக்காரரைத் தோளில் பிடித்து இழுத்த சிப்பாய், அவர் நீட்டிய காகிதத்தின் சிவப்பு முத்திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டு அந்தக் காகிதத்துக்குக் குனிந்து கும்பிடு போட்டான். காகிதத்தை வைத்திருந்த ஆளைப் போ என்று தள்ளிவிட்டான்.

வாத்தைக் காப்பாற்றுகிறவன் காப்பாற்றப்படுவான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. கற்பூரம் கிடைத்திருந்தால் அந்தக் காகிதத்துக்குக் காட்டியிருப்பேன். வாத்துகள் மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. ஓடைக் கரையில் நத்தை பொறுக்கி, கல்லில் நசுக்கிக் கொண்டுபோய்ப் போடுவேன். வலைக்கார அண்ணனின் மனைவியும் கூட வருவாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வயிற்றுக்குப் போக வேண்டிய நத்தை அது. மரவள்ளித் தோலை நாங்கள் தின்றுவிட்டுக் கிழங்கை வாத்துக்குப் போட்ட நாளும் உண்டு.

இவ்வளவு உபசாரம் செய்தும் மாசிக் கடைசியில் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. காலையில் எண்ணினால் முந்தின நாளைவிட நாலைந்து குறையும். முதலில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வாசனை என்று மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்தோம். எங்கேயும் மரவள்ளி வாசனைதான்.

கிராணி ஆறு பேரையும் கூப்பிட்டார். "தலை கொறையுது. நான் எத்தனை நாளைக்குப் பழைய கணக்கையே எழுதறது? வாத்து கொறைஞ்சா காவல் கொறையும். காவல் கொறைஞ்சா லாரியில ஆளு கூடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழுவாதீங்க."

ஒரு நாள் அந்தி நேரத்தில் என் வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். ஏழெட்டு வாத்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே போய் மறைந்தது. வந்து சொன்னார்: "ஓடிப் போறாங்க."

ஓடிப் போகிறார்கள் என்றுதான் சொன்னார், ஆளைச் சொல்வது போல. எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பெரட்டில் தலை குறைந்தால் அவன் ஓடிவிட்டான் என்று அர்த்தம்; பிடித்து வந்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆட்களை மேய்க்கிற மண்டோருக்கு அடி விழும். மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கப்பலேற்றிக் கொண்டுவந்த குடும்பங்கள் நாங்கள். எங்கள் லயத்தில் ஊருக்குத் திரும்பிப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. வந்த உயிர் வந்த வழியே திரும்பிப் போகும், போய்விட்டு மறுபடியும் தானாக வரும் என்பது எங்கள் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. குளிர் ஊரிலிருந்து வருகிறது என்று கிராணி சொன்னபோதுகூட, எப்போது திரும்பும் என்று கேட்கத் தோன்றவில்லை. வாத்துத் துரையும் சொல்லவில்லை. பறவை வீட்டுக்குப் போகும் என்று ஒரு மனிதனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

ஓடுகிறதைப் பிடித்துவைக்கிற வழியைச் சொன்னது நான்தான். எங்கள் அம்மா கோழி வளர்த்தவள். வேலி தாண்டுகிற கோழிக்கு ஒரு பக்கத்து இறக்கையில் மட்டும் நீள இறகுகளைக் கத்தரித்துவிடுவாள். இரண்டு பக்கமும் கத்தரித்தால் கொஞ்சமாவது எழும்பும். ஒரு பக்கம் மட்டும் கத்தரித்தால் சாய்ந்து விழும். வலிக்காது, ரத்தமும் வராது. நான் சொல்லி முடித்ததும் ஆறு ஆண்பிள்ளைகளும் என்னைக் குலதெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

இரண்டு விடியற்காலை வேலை. நத்தை போடுகிற இடத்தில் வாத்துகள் கூடியதும் வலைக்கார அண்ணன் வலையை வீசுவார். மற்றவர்கள் எடுத்து எடுத்துத் தருவார்கள். அக்கா பிடித்துக்கொள்வாள், நான் கத்தரிப்பேன். சேவலுக்கு இறக்கையில் நீலமும் சாம்பலுமாய் ஒரு பட்டை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது தெரியும். இவ்வளவு நாள் கறி என்று பார்த்ததை அப்போது என்னால் கறியாகப் பார்க்க முடியவில்லை. அதற்காகக் கத்தரிக்கோலை நிறுத்தவும் இல்லை. பதினொன்றை முடித்தோம். மற்றவை வலையைக் கண்டு உஷாராகிவிட்டன.

மூன்றாம் நாள் மத்தியானம் வாத்துத் துரை கையில் சோற்றுப் பெட்டியோடு வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார். எண்ணிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். கிராணி அவரிடம் பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வாத்தெல்லாம் இன்னிக்கோ நாளைக்கோ ஊருக்குக் கிளம்பிருமாம். அதை வழியனுப்பத்தான் வந்திருக்காராம்."

வலைக்கார அண்ணன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். செய்ததைத் திருப்பிச் செய்ய வழியில்லை. கத்தரிக்கோல் என் இடுப்பில்தான் இருந்தது.

வெயில் சாய்ந்ததும் கூட்டம் எழும்பியது. தண்ணீர் முழுக்க ஒரே சத்தம். வாத்துத் துரை எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவை மேலே சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டன. கீழே அந்தப் பதினொன்றும் கூடவே கிளம்பின. தண்ணீர் மேல் ஓடின, ஒரு பக்கம் சாய்ந்தன, விழுந்தன. மறுபடி ஓடின, மறுபடி விழுந்தன. மேலே போனவை மூன்று சுற்று காத்திருந்துவிட்டு வடக்கே போயின. அழுதுவிட்டேன். பயத்தில் அழுகிறேன் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், பாதி அதுவும்தான்.

அவர் தண்ணீரில் இறங்கி ஒன்றைப் பிடித்தார். இறக்கையை விரித்துப் பார்த்தார். கத்தரிக்கோல் வெட்டு நேராக இருந்தது. கரையேறி வந்து ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்தார். பின்னால் நானும் அக்காவும் நின்றோம். யார் வெட்டியது என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

ஐந்து பேர் தரையைப் பார்த்தார்கள். கழுத்தில் கைவைத்துக் காட்டியதை யார் மறப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஓர் எட்டு முன்னால் வைத்தார்.

"நாந்தான். நான் மட்டுந்தான்."

கிராணி அதை மாற்றிச் சொன்னார். வாத்துத் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அந்த நேரத்தில் தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு எதையும் பிடித்துக்கொள்ளத் தெரியாமல். பிறகு அவர் சொன்னதைக் கிராணி இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் எங்களிடம் சொன்னார்.

வெட்டியவன்தான் இந்தப் பதினொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இறகு முளைத்து அவை பறக்கிற வரைக்கும் அவனுக்குக் காவல் வேலை உண்டு. மற்ற வாத்துகள் போய்விட்டபடியால் மற்ற ஐந்து பேருக்கும் வேலை முடிந்தது. அவர்கள் காகிதத்தைக் கொடுத்துவிடலாம். ஐப்பசியில் வாத்து திரும்பும்போது காகிதமும் திரும்பக் கிடைக்கும்.

தண்டனைக்கு நின்றவருக்கு உயிர் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டு தப்பித்தவர்களுக்கு லாரி கிடைத்தது. வாத்துத் துரை அவர்களைப் பிடிக்கவில்லை. பிடிக்கிறவர்களைத் தடுக்கிற காகிதத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார், முறைப்படி. பழைய துரையிடம்கூட இவ்வளவு முறை கிடையாது.

அடுத்த வாரமே லாரி வந்தது. ஐந்து பேரும் ஏறினார்கள். வலைக்கார அண்ணன் மேலே நின்றுகொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "வாத்தைப் பாத்துக்கங்கலா. பாவம், ஊருக்குப் போவணும்." அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு லயத்தில் எங்களோடு யாரும் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டம். ஐந்து வீட்டுப் பெண்கள் குழாயடியில் எனக்கு வழிவிட்டார்கள். அக்கா மட்டும் பழையபடி பேசினாள். ஒரு நாள் ஓடைக் கரையில் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு அவரும் முன்னால போகத்தான் காலைத் தூக்கினாரு. நாந்தான் சட்டையப் பிடிச்சு இழுத்தேன். காப்பாத்திட்டதா நெனச்சேன்." சொல்லிவிட்டு நத்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் தேடினேன்.

அந்தப் பதினொன்றைக் காப்பாற்றுவது லேசில்லை. பறக்க முடியாத வாத்து உடும்புக்கு விருந்து. என் வீட்டுக்காரர் மூங்கில் கழியோடு நாள் முழுக்கக் கரையில் திரிவார். உடும்பை அடிக்கக் கூடாது என்று எந்தத் துரையும் சொல்லாததால் எங்களுக்கு வாரம் ஒரு தடவை கறி கிடைத்தது. அப்படியும் பதினொன்று ஏழாகி, ஏழு நாலானது. கடைசி வாத்து செத்தால் கடைசிக் காகிதமும் போய்விடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஆடி மாதத்தில் வந்தது. பழைய இறகு உதிர்ந்து புதுசு முளைத்தது. பச்சைக் குருத்தாய், நாளுக்கு நாள் நீளமாய். முளைத்தால் பறக்கும், பறந்தால் என் வீட்டுக்காரர் லாரியில் ஏறுவார். இறகு முளைக்கக் கூடாது என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன். அம்மனுக்கு அந்த மாதிரி வேண்டுதல் புதுசாக இருந்திருக்கும். இறகு முளைத்தது. நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் விடியலில் போய், நத்தையைக் காட்டிக் கூப்பிட்டு, கையில் பழகிவிட்ட அவற்றை ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கத்தரித்தேன். நிமிர்ந்தால் அக்கா நிற்கிறாள்.

என் புருஷனை வீட்டில் வைத்துக்கொள்ள நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் புருஷன் சயாமில். ஒரு வார்த்தை கிராணியிடம் சொன்னால் போதும். "நல்லாப் பிடி. துள்ளுது பாரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவளே பிடித்துக்கொண்டாள். அவள் காலில் விழலாம் போலிருந்தது. விழவில்லை, கையில் வாத்து இருந்தது.

ஐப்பசியில் புது வாத்துகள் வந்தன. வாத்துத் துரை சொன்ன சொல் தவறவில்லை; ஐந்து காகிதங்களும் சிவப்பு முத்திரையோடு கிராணியின் மேசைக்கு வந்துவிட்டன. வாங்கிக்கொள்ளத்தான் ஆட்கள் வரவில்லை.

இப்படி மூன்று ஆடி, மூன்று தடவை. வாத்துத் துரை மாதம் ஒரு முறை வருவார். நாலு வாத்துகளின் இறக்கையையும் விரித்துப் பார்ப்பார். நோட்டில் எழுதிக்கொள்வார். இந்த ஊர் வெக்கையில் இறகு முளைக்கவில்லை என்று நினைக்கிறார்போல என்று கிராணி சொன்னார். படித்தவர்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாவது தடவை கத்தரித்துக் கொஞ்ச நாளில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். வாத்துத் துரை நடந்தே வந்தார். இடுப்பில் கத்தி இல்லை. சேற்றங்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கிராணிக்கே அதன் பொருள் பிடிபடவில்லை.

"இனிமே வெட்ட வேணாமாம்."

குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். எத்தனை வருஷமாகத் தெரியும் அந்த மனிதருக்கு? அவர் அவ்வளவு நேசித்த வாத்துகளை நான் முடமாக்கிக்கொண்டிருக்க, தெரிந்தே நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார், ஒரு கூலிக்காரன் வீட்டில் இருக்கட்டும் என்று. அதே மனிதர்தான் ஐந்து பேர் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனவர். அவரைக் கும்பிடுவதா, காறித் துப்புவதா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

வெட்ட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆனால் வெட்டியாயிற்றே. வெட்டிய இறகு உதிர்ந்து புதுசு வர இன்னும் ஓர் ஆடி ஆக வேண்டும். இப்போது மாரியம்மனிடம் போய், சீக்கிரம் முளைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அம்மன் என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

தை மாதம் வலைக்கார அண்ணன் வந்தார். ஐந்து பேரில் வந்தது அவர் ஒருவர்தான். லாரியிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். காலில் பெரிய புண், உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. அக்காவுக்கே அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. என் வீட்டுக்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதே மாதம் பழைய துரையும் திரும்பி வந்தார். முகாமில் கிடந்து அவரும் இளைத்துத்தான் போயிருந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ரோஜாத் தோட்டத்தில் மரவள்ளியைப் பார்த்து முகம் சுளித்தார். சேற்றைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. சுற்று வட்டாரத்தில் எல்லாச் சேற்றையும் கிழங்குத் தோட்டமாக்கிவிட்டார்கள், என் சேற்றை மட்டும் என் ஆட்கள் விசுவாசமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று கிராணியிடம் சொன்னாராம். கிராணி வழக்கம்போலத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சுட வந்தார். என் வீட்டுக்காரர்தான் சம்பான் தள்ளினார். உட்கார்ந்திருக்கிற வாத்தைச் சுடுவது துரைமாருக்கு மரியாதை இல்லையாம். கலைத்துவிடச் சொன்னார். கூட்டம் எழும்பியது. துரை சுட்டார். நாலு வாத்து மட்டும் எழும்பாமல் தண்ணீர் மேல் ஓடிச் சாய்ந்து விழுந்தன. தன் குண்டு பட்டுத் தவிக்கின்றன என்று நினைத்து, பாவம் பார்த்து, அந்த நாலையும் ஒவ்வொன்றாய்ச் சுட்டு முடித்தார். சுட வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு எந்தப் பாஷையும் தெரியவில்லை.

கொழுத்தது பங்களாவுக்கு. கிழிந்த அந்த நாலும் சம்பான்காரனுக்கு. வழக்கம் மாறவில்லை.

சயாமிலிருந்து வந்த உடம்புக்குக் கறி வேண்டும் என்று நாலையும் அக்கா வீட்டுக்கே கொண்டுபோனோம். நானும் அவளும் பின்கட்டில் உட்கார்ந்து இறகு பறித்தோம். ஒரு பக்கத்து இறக்கையில் நேராக வெட்டிய குச்சிகள். நாலிலும் இருந்தன. அவள் பார்த்தாள், நான் பார்த்தேன். பறித்ததை எல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினோம்.

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அரிசிச் சோறு, அன்றைக்குத்தான் கிடைத்தது. என் வீட்டுக்காரர் எதிரில் இருந்தார், தட்டில் கை வைக்கவில்லை. அண்ணன் மெதுவாக மென்றார். வாயிலிருந்து ஓர் ஈயக் குண்டை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். வெட்டச் சொன்னது நீ, லாரி ஏறினது நாங்களா என்ற கேள்விக்குத்தான் இத்தனை வருஷம் நான் பதில் தயார்செய்து வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

"நாம வெட்டிவிட்டமே, அந்த வாத்துங்க. அதெல்லாம் ஊரு போய்ச் சேந்துச்சா?"

அக்கா அடுப்புப் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னாள்.

"அதெல்லாம் அந்த வருசமே போயிருச்சு. நீங்க சாப்பிடுங்க."

அவர் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். நான்தான் ஊற்றினேன்.